என் பொறுப்பில் நடந்த கிறிஸ்துமஸ்

டிசம்பர் 27, காலை 9.40

கடல்மேல் மிதந்தாலும் எங்கள் நினைப்பில் கரையிலேயே இருக்கும் அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அக்காவும், உன் மருமகளான எங்கள் மகளும், உன் அப்பாவான என் மாமாவும் ஆண்டவர் அருளாலும் ஓரளவுக்கு என் மேற்பார்வையாலும் சௌக்கியம். அங்கே நீயும், உன் கப்பலின் எஞ்சின் அறையும், அந்தச் சூட்டில் உன்னோடு வேலை செய்கிற எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று தினமும் காலை ஜெபத்தில் தவறாமல் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு எப்போது வரும் என்று கம்பெனி ஆபீசில் விசாரித்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்க் காத்திருக்கும்படி இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். கப்பல் தாமதமானால் அதற்கு உங்கள் கேப்டன்தான் பொறுப்பு, நான் அல்ல.

நிற்க. நீ மாதத் தொடக்கத்தில் எழுதிய கடிதம் கிடைத்தது. "அத்தான், அம்மா போன பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. அப்பா தாங்கமாட்டார். ஸ்டேஷன், ஸ்டூடியோ, ஆஸ்பத்திரி என்று வருஷா வருஷம் போகிற சுற்று இந்தத் தடவை வேண்டாம். கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வீட்டில் சும்மா இருங்கள். எப்படியும் உங்களால் அதையெல்லாம் தனியாகச் சமாளிக்க முடியாது" என்று எழுதியிருந்தாய். முன்னால் சொன்னதையெல்லாம் நீ சின்னவன் என்று மன்னித்துவிட்டேன். கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்று தடவை வாசித்தேன். மச்சான், முப்பத்தாறு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் நான். காலை நாலு மணி வண்டியிலிருந்து கடைசி வண்டி வரைக்கும், ஒரே சமயத்தில் நாற்பத்திரண்டு பஸ்ஸையும், அவற்றைவிடக் கோணலான நூறு டிரைவர்களையும் ஒரு விசிலால் நகர்த்தினவன். கிறிஸ்துமஸ் என்பது என்ன? நாலு பேர், மூணு இடம், ஒரு மத்தியானம். இதைச் சமாளிக்க முடியாதா? உன் கடிதத்தை மடித்து வைத்த அந்த நிமிஷமே ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் எடுத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் மாமாவின் நிலைமையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச்சில் அத்தை போனதிலிருந்து மாமா ஒரு வரி பாடவில்லை. அப்பேர்ப்பட்ட குரல்! குளிக்கும்போதுகூட முணுமுணுப்பு இல்லை. ஏப்ரலில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், அதனால் அவரைக் கவனிக்க எனக்கு நேரம் கிடைத்தது. காலையில் ஒரு இரண்டு மணி நேரம் மட்டும் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருவேன். அது வேறு, அது பொதுச்சேவை. மீதி நேரம் முழுக்க மாமாவுக்கு எதிர்நாற்காலிதான். அவர் துக்கத்தில் இருப்பதால் என்னோடு பேசுவதில்லை. அவர் பேசாததால் நானும் பேசுவதில்லை. இப்படியே ஒன்பது மாதம். உன் அக்கா நடுவில் காபியை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள், ஒரு பெருமூச்சு விடுவாள், போய்விடுவாள். பாவம், அவளுக்கு அப்பாவைப் பற்றிய கவலை.

முதல் வேலை கேக். அத்தையின் கைப்பட எழுதிய சமையல் நோட்டு அலமாரியில் இருந்தது, எடுத்து வைத்துக்கொண்டு இருபத்திரண்டாம் தேதி காலையிலேயே உட்கார்ந்தேன். மச்சான், உன் அம்மா தெய்வம் மாதிரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு மனுஷி இப்படியா எழுதி வைப்பாள்? "மாவு, அந்தக் கப்பில் தலைதட்டி" என்று இருக்கிறது. எந்தக் கப்? "சர்க்கரை, பார்த்துப் போடவும்." பார்த்துக்கொண்டேதான் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டா போடுவார்கள்? கடைசியில் "வாசனை வரும்வரை வேக விடவும்" என்று எழுதியிருந்தது. வாசனை வரும்வரை என்பது ஒரு நேரமா? எந்த பஸ்ஸாவது வாசனை வந்ததும் கிளம்புமா? நான் எழுபத்தைந்து நிமிஷம் என்று முடிவு பண்ணி, என் டெப்போ கடிகாரத்தை அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டு, யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஐம்பதாவது நிமிஷத்தில் உன் மருமகள் வந்து நின்றாள். "அப்பா, வாசனை வந்துடுச்சுப்பா." "இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு." அறுபதாவது நிமிஷம் மறுபடி வந்தாள். "அப்பா, வாசனை வந்துட்டுப் போயே போயிடுச்சு, இப்ப வர்றது புகை." நான் அசையவில்லை. கட்டுப்பாடு என்பது புகையைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பதுதான்.

கேக் நன்றாகத்தான் வந்தது. நம் வீட்டில் கத்திதான் சரியில்லை. முதல் கத்தி வளைந்தது, இரண்டாவது கத்தியின் பிடி கழன்றது, பக்கத்து வீட்டுத் தச்சரிடம் ரம்பம் கேட்கப் போன என்னை உன் அக்கா வாசலிலேயே மறித்துவிட்டாள். "இது மேல தேதி போட்டு ஏதாவது கட்டடத்துக்கு அடிக்கல்லா வச்சிடலாம்ப்பா" என்று உன் மருமகள் சொன்னாள். காலேஜில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் போல. மாமா எழுந்து வந்தார். யாரோ வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி விரல் மடக்கிக் கேக்கை இரண்டு தட்டு தட்டினார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் தோள் குலுங்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை ஞாபகம் வந்துவிட்டது, அழுகிறார் என்று புரிந்துகொண்டேன். உடனே என் திட்டத்தில் எனக்கு இன்னும் உறுதி வந்துவிட்டது.

இருபத்துநாலாம் தேதி. அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். 2.10 வீட்டிலிருந்து புறப்பாடு. 2.40 ஸ்டேஷன், இரண்டாம் பிளாட்பாரம், பெஞ்சில் அமர்தல், டீ, கேக். 4.00 ஸ்டூடியோ, குடும்பப் படம். 5.30 ஆஸ்பத்திரி, அத்தை நர்ஸாக வேலை பார்த்த வார்டில் பாட்டு. 7.00 வீடு. ஒரு ஓட்டை இருக்கிறதா சொல், பார்ப்போம். 2.05க்கு ஃபிளாஸ்க், கேக், பாட்டுப் புத்தகம் எல்லாம் வாசலில் ரெடி. உன் அக்காவும் மகளும் புது உடுப்பில் ரெடி. மாமாவின் அறைக் கதவு மட்டும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

"மாமா, மணி ரெண்டு அஞ்சு."

"நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை. நான் வரலை."

"நாலு பேருக்குன்னு அட்டவணை போட்டாச்சு மாமா."

"அப்ப மூணு பேர்னு திருத்திக்கோங்க."

திருத்துவதாம்! ஒட்டின அட்டவணையை நான் எப்போது திருத்தியிருக்கிறேன்? உன் அக்காவைப் பார்த்தேன், அவள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். "உங்கப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன். "நீங்கதானே பொறுப்பு" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 2.10 ஆயிற்று. 2.20 ஆயிற்று. வெளியே போய் வந்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டரை உதாரணம் காட்டினேன், வேதவசனம் சொன்னேன், பஸ் போய்விடும் என்று மிரட்டினேன், தாழ்ப்பாள் அசையவில்லை. 2.35க்கு எனக்குக் கால் வலித்ததால் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நான் பேசின பேச்சு இருக்கிறதே, அதைத்தான் மச்சான் பேச்சுத்திறமை என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், பின்னால் உனக்கும் உதவும்.

"சரி மாமா, நீங்க வர வேணாம். நான் மட்டும் போறேன். போன வருஷம் அந்த பெஞ்சுல அத்தைக்குப் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன். ஃபிளாஸ்க் மூடியில டீயை ஊத்தி முதல்ல எனக்குத்தான் நீட்டினாங்க. 'நாளைக்கும் டெப்போவுக்குப் போகணுமா மாப்பிள்ளை?'ன்னு கேட்டாங்க. வருஷா வருஷம் கேப்பாங்க. ஆமா அத்தைன்னு நானும் வருஷா வருஷம் சலிச்சுக்கிட்டே சொல்வேன். இந்த வருஷம் போக வேண்டியதில்லை. நாளைக்கும் இல்லை, நாளன்னைக்கும் இல்லை. எங்கயுமே போக வேண்டியதில்லை. அதை அவங்ககிட்ட யார் சொல்றது? நான்தானே சொல்லணும்? அதுக்காவது நான் அங்க போகணும் மாமா."

பேசி முடிக்கவில்லை, தாழ்ப்பாள் திறந்துவிட்டது. கதவில் சாய்ந்திருந்த நான் மல்லாக்க உள்ளே போய் விழுந்தேன். மாமா மேலே இருந்து என்னைப் பார்த்தார், கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "வாங்க மாப்பிள்ளை, போலாம்" என்றார். பெருக்காத இடத்தில் உட்கார்ந்ததால் என் இரண்டு கண்ணிலும் தூசி விழுந்து கொஞ்சம் கலங்கியிருந்தது, மற்றபடி எனக்கு முழு வெற்றி.

ஸ்டேஷனுக்குப் போகும்போது 3.20. உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் எதையும் முதலிலிருந்து எழுதுவது என் பழக்கம். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின மத்தியானம், ஊருக்குப் போகிற ரயில் ரத்தானதால் இரண்டாம் பிளாட்பாரத்துக் கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுத பயிற்சி நர்ஸ் உன் அம்மா. அதே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்து, தன் டிபன் பெட்டியில் இருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தவர் உன் அப்பா. அந்த பெஞ்சில்தான் நம் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் தொடங்கும். அங்கே போய்ப் பார்க்கிறேன், கடிகாரம் இருக்கிறது, தூண் இருக்கிறது, பெஞ்சைக் காணோம்! எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தேடிப் பார்த்தால் பிளாட்பாரத்தின் கடைசியில், குழாயடிக்குப் பக்கத்தில், அனாதை மாதிரி நிற்கிறது. பளபளவென்று வேறு இருந்தது. நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

"விடுங்க, இங்கயே உக்காரலாம்" என்றாள் உன் அக்கா. நான் விடுவேனா? நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம் கால்களைப் பிடித்துத் தூக்கினோம். எழுபத்தெட்டு வயசு மனுஷர், பாவம், மூச்சு வாங்கக்கூடாதே என்று நான் நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்தி, அவருக்காக மூச்சு வாங்கிக்கொண்டேன். கடிகாரத்துக்குக் கீழே கொண்டு வந்து வைத்தால் ஒரு கால் தரையில் ஊன்றவில்லை, தளம் உள்வாங்கியிருக்கிறது, பெஞ்சு ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. செங்கல் தேடினேன், கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் சுத்தியலால் உடைத்துக் கொண்டு வந்திருந்த கேக்கில் ஒரு துண்டை எடுத்து அந்தக் காலுக்குக் கீழே வைத்தேன். மச்சான், நாலு பேர் உட்கார்ந்தோம், ஒரு தூள் உதிரவில்லை! இப்போது சொல், எழுபத்தைந்து நிமிஷம் சரியா தப்பா?

உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறக்கிறேன், ஸ்டேஷன் மாஸ்டர் அம்மா பிளாட்பாரம் அதிர ஓடி வருகிறார். "சார்! சார்! பெயின்ட் காயலை!"

"எதுலம்மா?"

"நீங்க உக்காந்திருக்கறதுல!"

யாரும் அசையவில்லை. ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போயிற்று. அது முழுக்கப் போகும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் மாமா நிதானமாகச் சொன்னார், "இனிமே எந்திரிச்சு என்ன ஆகப் போகுது? டீயைக் குடிச்சிட்டே எந்திரிக்கலாம்." அந்த அம்மாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "பெஞ்சை யார் இங்க கொண்டு வந்தது? தளம் சரியில்லைன்னுதானே அங்க தள்ளிப் போட்டோம்" என்றார். நான் அட்டவணையை எடுத்துக் காட்டப் போனேன், மாமா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே பேசினார். ரயில் ரத்தானது, பெட்டி, ரொட்டி, எல்லாம். ஒன்பது மாதத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. அந்த அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "தளத்தைச் சரி பண்ணச் சொல்றேன் ஐயா. அடுத்த வருஷம் பெஞ்சு இங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து பெஞ்சுக் காலைப் பார்த்தார். "அது என்னது கீழ?" "கேக்" என்றேன். "ஒரு துண்டு எடுத்துக்கோங்க." அவருக்கு வேலை இருந்தது போல, வேகமாகப் போய்விட்டார்.

நாங்கள் டீ குடித்தோம். அத்தையிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிவிட்டேன். அது அட்டவணையில் இல்லை, ஆனால் நேரம் ஒதுக்கினேன்.

எழுந்தபோது நாலு பேர் முதுகிலும் மூணு மூணு பச்சைக் கோடு. இந்த அலங்காரத்தோடு ஸ்டூடியோவுக்குப் போனால் ஸ்டூடியோவே இல்லை. போன மாதம் ஸ்டூடியோக்காரர் தன் மகன் இருக்கிற ஊருக்கே போய்விட்டாராம், அந்த இடத்தில் முடிதிருத்தும் கடை வந்துவிட்டது. வேறு யாராவதாக இருந்தால் திரும்பியிருப்பார்கள். நான், இடம்தானே முக்கியம், கேமராவா முக்கியம் என்று எல்லாரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கடையை நடத்துகிற பெண் எங்களைப் பார்த்தாள், முதுகுகளைப் பார்த்தாள். "படம் எடுக்கணும்" என்றேன். அவள் என் தலையையும் தாடியையும் பார்த்து, "அதுக்கு முன்னாடி நீங்க உக்காருங்க சார், உங்களுக்குத்தான் அவசரம்" என்றாள். ஏப்ரலிலிருந்து வேலைக்குப் போகவில்லையே, யாருக்காகத் தினமும் சவரம் பண்ணுவது என்று கொஞ்சம் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. "முதல்ல மாமாவுக்கு" என்றேன். "இல்லை, முதல்ல மாப்பிள்ளைக்கு" என்று மாமா என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்திவிட்டார். துக்கத்தில் இருக்கிற மனுஷர், மனசு நோகக்கூடாதே என்று அவருக்காக உட்கார்ந்தேன். மாமா பக்கத்திலேயே நின்றுகொண்டு, இங்கே இன்னும் கொஞ்சம், காதோரம் இன்னும் கொஞ்சம் என்று ஒரு மேஸ்திரி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் என் பழைய முகம் வெளியே வந்தது. உன் மருமகள், "ஹை, அப்பா!" என்றாள். வேறு யார் என்று நினைத்தாளோ.

படத்தை அந்தப் பெண்ணே எடுத்தாள். பிரதி ஒன்று இத்தோடு வைத்திருக்கிறேன். முன்னாலும் பின்னாலும் கண்ணாடி இருப்பதால், எங்கள் நாலு முகமும் நாலு முதுகும் ஒரே படத்தில் விழுந்திருக்கிறது. பழைய ஸ்டூடியோவில் ஐம்பது வருஷத்தில் ஒரு தடவையாவது இப்படி எடுத்திருக்கிறார்களா?

ஆஸ்பத்திரிக்கு 5.30க்குப் பதில் 6.15. வார்டுத் தலைமை நர்ஸ், அத்தையிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவர், வாசலிலேயே நின்றிருந்தார். "வரமாட்டீங்களோன்னு நினைச்சேன்" என்று உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே ஒரு நிர்வாகச் சிக்கல். நீ கப்பலில், அத்தை இல்லை, மாமா பாடுவதில்லை. மிச்சம் உன் அக்காவும் உன் மருமகளும்தான், இரண்டு பேருக்கும் பூனைக்குட்டிக் குரல். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸிலேயே அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, நீங்க வாயை மட்டும் அசைச்சா போதும்" என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பது வருஷம் அசைத்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பாக அசைத்ததில்லை. இப்போது ஆள் பற்றாக்குறை, டிரைவர் வராவிட்டால் டைம்கீப்பர்தான் மாற்று ஏற்பாடு பண்ண வேண்டும். நான் பாடினேன். முழுத் தொண்டையில் பாடினேன். முதல் பாட்டின் நடுவில் அடுத்த வார்டிலிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்து, "எந்த பெட்டுல வலி?" என்று கேட்டாள். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஒரு லாரி டிரைவர் சிரித்துச் சிரித்து, கட்டு குலுங்குகிறது என்று கத்தினார். ஆனால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதை நீ கவனிக்க வேண்டும்.

மூணாவது பாட்டில் அத்தை மட்டும் தனியாகப் பாடுகிற இரண்டு வரி வரும் இல்லையா? அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் எல்லாரும் நிறுத்திவிட்டோம். நிறுத்தின பிறகுதான் பாட ஆள் இல்லை என்பது உறைத்தது. தலைமை நர்ஸ் தரையைப் பார்த்தார். பொறுப்பு என்னுடையதுதானே, நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்த வார்டில் பினாயில் நெடி அதிகம், தொண்டையைப் பிடித்துவிட்டது. இரண்டாவது தடவை முயற்சி பண்ணினேன், அப்போதும் பினாயில்தான். அந்த நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. அத்தை பாடுகிற உச்சத்தில் இல்லை, ரொம்பக் கீழே, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி. இரண்டு வரியையும் முழுசாகப் பாடினார். ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு பாடினார், நிற்பதற்குப் பிடிமானம் வேண்டுமல்லவா, வயசாகிவிட்டது. லாரி டிரைவர் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் நான் காரிடாருக்குப் போய் அங்கே இருந்த கடிகாரத்தை என் வாட்ச்சோடு ஒத்துப் பார்த்தேன். அது நாலு நிமிஷம் தாமதம். ஒத்துப் பார்த்து முடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

மறுநாள் காலை கோயில், அப்புறம் வீட்டில் வயிறாரச் சாப்பாடு, மாமா சாப்பிட்டுவிட்டுப் பழைய கதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே இருந்தேன், உன் அக்கா எங்களைப் பார்த்துப் பெருமூச்சே விடவில்லை. நேற்றுக் காலை பஸ் ஸ்டாப்புக்குப் போக நேரமில்லை, மாமாவோடு சீட்டு ஆட வேண்டியிருந்தது. ஆக மச்சான், உன் அப்பாவைத் துக்கத்திலிருந்து வெளியே கொண்டு வந்தாயிற்று, தனி ஒரு ஆளாக, என் அட்டவணையை வைத்துக்கொண்டு. மொத்தத் தாமதம் நாற்பத்தைந்து நிமிஷம்தான், அதுவும் வழியில் ஏற்பட்டது. இனிமேல் யாரால் எதைச் சமாளிக்க முடியாது என்று எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்து எழுது.

மாமா இப்போது எவ்வளவு தேறிவிட்டார் என்றால், இந்தக் கடிதத்தைத் தானே தபாலாபீசுக்குக் கொண்டு போய்ப் போடுகிறேன் என்கிறார். உறையைக்கூட நானே ஒட்டிக்கொள்கிறேன் என்று பிடிவாதம். சின்னப் பிள்ளை மாதிரி உற்சாகம். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலையும் காற்றும் உன் கப்பலுக்கு அடங்கி நடக்கட்டும், வருகிற வருஷம் உன்னை முழுசாகவும் நேரத்தோடும் எங்களிடம் கொண்டு வந்து சேர்க்கட்டும். உன் அக்காவின் முத்தங்களும், உன் மருமகளின் சேட்டைகளும், பெரியவன் என்ற முறையில் என் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
எதையும் சமாளிக்கிற
உன் அத்தான்

பி.கு. தம்பி, இது அப்பா. தபாலாபீஸ் மேசையில் நின்றுகொண்டு, அத்தான் மிச்சம் வைத்த இடத்தில் எழுதுகிறேன். நான் சொல்லி நீ எழுதிய கடிதம் நன்றாக வேலை செய்தது. "உங்களால் முடியாது" என்று நீயாகச் சேர்த்துக்கொண்ட வரிதான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது. எனக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவும் நானும் ஐம்பது வருஷம் நிறைய வாழ்ந்துவிட்டோம், நான் தினமும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மனுஷர்தான் வேலையும் போய், அவளும் போய், ஒரு மாத இடைவெளியில் இரண்டு பக்கமும் ஆதரவு இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுவார், வெளியே வந்து பைப்பில் காற்று என்பார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் நானும் பாடாமல் உம்மென்று உட்கார்ந்தேன், தேற்றுவதற்கு ஒரு ஆள் இருந்தால் எழுந்துவிடுவார் என்று. உன் அக்காவுக்கும் பேத்திக்கும் எல்லாம் தெரியும். கேக்கைத் தட்டிவிட்டு உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். இருபத்துநாலாம் தேதி ஒரு மணிக்கே சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தேன். அவர் வாயிலிருந்து அவள் பேச்சு வரட்டும் என்று தாழ்ப்பாளில் கை வைத்துக் காத்திருந்தேன். வந்தது. ஒன்பது மாதத்துக்கு அப்புறம் வந்தது.

நிறுத்துகிறேன். போய்வர எனக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் கொடுத்திருந்தார், தேடிக்கொண்டு வந்தே விட்டார், வாசலில் தலை தெரிகிறது. இனி வீடு வரைக்கும் கொஞ்சம் தள்ளாடி நடக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?